ஸ்டெப் இல்லாத பாட்டு

எங்கள் காலை ஆறு மணி ஜும்பா வகுப்புக்கு வருகிற பெண்கள் யாரிடம் வேண்டுமானாலும் எதற்காக வருகிறீர்கள் என்று கேட்டுப் பாருங்கள். சுகர் என்பார்கள். தைராய்டு, பிசிஓடி, முட்டிவலி, இரண்டாவது பிரசவத்துக்கு அப்புறம் இறங்காத வயிறு என்பார்கள். டாக்டர் சொன்னார், மகள் பணம் கட்டிவிட்டாள் என்பார்கள். ‘ஆடணும்போல இருந்துச்சு, வந்தேன்’ என்று ஒருத்தர் சொல்லி நான் கேட்டதில்லை. சேரும்போது நிரப்பிக் கொடுக்கிற படிவத்திலும் ‘நோக்கம்’ என்ற இடத்தில் எடைக் குறைப்பு, நோய்க் கட்டுப்பாடு, மன அழுத்தம் என்று மூன்று கட்டங்கள்தான் இருக்கின்றன. நான் இரண்டாவதில் டிக் அடித்தேன். அது உண்மைதான். ஆனாலும் முதல் வகுப்பு முடிந்து வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அந்தப் படிவம் மனசில் உறுத்திக்கொண்டே இருக்கிறது. ஒரு பெண் தன் உடம்பை அசைப்பதற்கு ஒரு வியாதி ஏன் துணைக்கு வர வேண்டியிருக்கிறது?

என் கதை பெரிய கதை இல்லை. வயது நாற்பத்தாறு. பேங்கில் கவுண்ட்டர் வேலை, நாள் முழுக்க உட்கார்ந்தபடி. ஆபீசில் எல்லாரும் போகிறார்களே என்று நானும் ரத்தப் பரிசோதனைக்குப் போனேன். மூணு மாச சுகர் சராசரி 6.1 என்று வந்தது. 5.7-க்கு மேலே போனாலே கவனமாக இருக்கச் சொல்கிறார்கள், 6.5-ஐத் தொட்டால் சர்க்கரை நோய். டாக்டரம்மா மாத்திரை எழுதவில்லை. “வாரத்துக்கு நூத்தம்பது நிமிஷம் நடங்க. நடக்கும்போது பேச முடியணும், பாட முடியக்கூடாது. அதான் வேகம்” என்றார். உலக சுகாதார நிறுவனம் சொல்வதும் அதே 150 நிமிடம்தான். மதுரையில் எங்கள் வண்டியூர்க் கண்மாய்ப் பக்கம் நடக்க ஆரம்பித்தேன். உடம்பு நடந்தது. மனசு, இந்த மாசத்து கரண்ட் பில், மகனுடைய செமஸ்டர் பீஸ், அத்தையின் கண் ஆபரேஷன் என்று வீட்டுக் கணக்கையே போட்டுக்கொண்டு கூட வந்தது. மழை வந்தால் நடை நின்றது, நாய் துரத்தினால் நின்றது, அப்புறம் ஒன்றும் வராத நாட்களிலும் நின்றது.

ஆபீஸ் தோழிதான் சொன்னாள்: “ஜும்பாவுக்கு வாங்கக்கா. லேடீஸ் மட்டுந்தான்.” வீட்டில் சொன்னபோது என் கணவர் ‘உடம்புக்கு நல்லதுன்னா போ’ என்றார். அத்தைதான் கையில் இருந்த முருங்கைக்கீரையை அப்படியே வைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தார்.

“டான்ஸா?”

“இல்லத்தை, எக்சர்சைஸ். பாட்டுப் போட்டுச் செய்வாங்க.”

“அப்படின்னா சரி.”

அந்த ‘அப்படின்னா சரி’தான் இந்தக் கட்டுரை முழுக்க நான் பேச நினைக்கும் விஷயம். அத்தை கெட்டவர் இல்லை. என்னை ஒருநாளும் வேலைக்குப் போகாதே என்றோ, சுடிதார் போடாதே என்றோ சொன்னவர் இல்லை. அவருடைய எல்லை அங்கே இருந்தது, அவ்வளவுதான். என்னுடையதும் அங்கேதான் இருந்தது என்பது ஹாலுக்குள் போன பிறகு தெரிந்தது.

அந்த ஹால்

கே.கே.நகர்ப் பக்கம், ஒரு மருந்துக் கடைக்கு மேல் மாடி. ஜன்னல் கண்ணாடியில் வெளியே இருந்து பார்த்தால் தெரியாதபடி வெள்ளை ஸ்டிக்கர் ஒட்டியிருந்தார்கள். ஒரு சுவர் முழுக்க ஆளுயரக் கண்ணாடி. போகிற புதியவர்கள் எல்லாரும் கடைசி வரிசையில் போய் நிற்போம். பயிற்சியாளர் பெண்ணுக்கு என் வயதில் பாதிதான் இருக்கும். என் கையைப் பிடித்து நடு வரிசையில் கொண்டுவந்து நிறுத்தினாள். “பின்னாடி நின்னா முன்னாடி நிக்கிற மூணு பேரோட தப்பையும் பாத்துத்தான் ஆடணும்க்கா. அந்தப் பக்கம் திரும்பச் சொன்னேன்னா நீங்கதான் முதல் வரிசை.” முதல் முறை போகிறவர்களுக்கு இதைவிடப் பயனுள்ள வார்த்தையை நான் கேட்டதில்லை.

அடுத்து என் ஷூவைக் கழற்றச் சொல்லி அடிப்பாகத்தைத் திருப்பிப் பார்த்தாள். நடைக்கு வாங்கிய ஷூ, ஆழமான கோடு கோடாகப் பிடிமானம் உள்ளது. ரோட்டுக்கு அது நல்லது, இந்த வகுப்புக்கு ஆபத்து என்றாள். இடுப்பைத் திருப்பும்போது பாதமும் சேர்ந்து திரும்ப வேண்டும். ஷூ தரையைப் பிடித்துக்கொண்டால் பாதம் அப்படியே நிற்க, அந்தத் திருகல் முழுக்க முட்டிக்குப் போய்விடும். குதிகாலைத் தூக்கி, முன்பாதத்தில் திரும்பப் பழக்கினாள். சிமெண்ட் மேல் டைல்ஸ் ஒட்டிய தரை என்பதால் வெறுங்காலோடும் ஆடவிடவில்லை. நம் ஊரில் பாதி வகுப்புகள் இப்படிப்பட்ட தரையில்தான் நடக்கின்றன. மரத்தரை கொடுக்கிற நெகிழ்வு இதில் கிடையாது, குதிக்கக் குதிக்க முன்னங்கால் எலும்பு வலிக்கும்.

பாட்டு ஆரம்பித்ததும் அவள் வாய் பேசவில்லை. எல்லாம் கைதான். இரண்டு விரலைக் காட்டினால் இரண்டு முறை, கட்டைவிரலைப் பின்னால் காட்டினால் பின்னே போ, காற்றில் வட்டம் போட்டால் சுற்று. முதல் பாட்டு மெரெங்கே. டொமினிகன் குடியரசின் ஆட்டம், இடது வலது என்று நடக்கிற மாதிரியேதான். ஒரு முட்டி மடங்கும்போது மற்ற பக்கத்து இடுப்பு தானாக ஏறும், அவ்வளவே. அதனால்தான் அதை முதலில் போடுகிறார்கள். அடுத்து வந்த கும்பியா கொலம்பியாவின் கரையோரத்து ஆட்டம், ஒரு காலைப் பின்னால் இழுத்து வைப்பது. சல்சாதான் என்னைத் திணற அடித்தது. எட்டு எண்ணிக்கையில் நாலிலும் எட்டிலும் கால் நிற்க வேண்டும், நிற்கத்தான் எனக்கு வரவில்லை. கையையும் காலையும் ஒன்றாகப் பிடிக்கப் பார்க்காதீர்கள், முதலில் கால், கை தானாக வரும் என்று சைகையிலேயே சொன்னாள். பாட்டு எட்டு எட்டாக நகர்கிறது, நாலு எட்டு முடிந்ததும் ஸ்டெப் மாறுகிறது என்பது பிடிபட்டபோது சட்டென்று ஒரு வெளிச்சம். மாறப்போகிறது என்று அவள் கை தூக்குமுன் என் உடம்புக்குத் தெரிந்தது. கவுண்ட்டரில் இருபது வருடமாக எண்ணுகிற எனக்கு, எண்ணிக்கை இப்படிக் காலுக்குள் இறங்கும் என்று அதுவரை தெரியாது.

இன்னொன்றும் கவனித்தேன். இவ்வளவு பெரிய கண்ணாடி இருந்தும் எல்லாரும் அவரவர் முகத்தை மட்டுமே பார்த்தார்கள். இடுப்பை யாரும் பார்க்கவில்லை. நானும் பார்க்கவில்லை. துப்பட்டாவை இரண்டு தோளிலும் பின் குத்திக்கொண்டு, ஜன்னல் அடைத்த, பெண்கள் மட்டுமே இருக்கிற ஹாலில், சொந்த இடுப்பு அசைவதைக் கண்ணாடியில் பார்க்கக் கூச்சம்.

இந்த ஜும்பாவே ஒரு மறதியில் பிறந்தது என்பார்கள். 1990-களில் கொலம்பியாவின் காலி நகரத்தில் ஏரோபிக்ஸ் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்த பெட்டோ பெரெஸ் என்ற இளைஞர் ஒருநாள் வகுப்புக்கான கேசட்டை வீட்டிலேயே விட்டுவிட்டு வந்துவிட்டார். கையில் இருந்தவை அவர் ஆசைக்குக் கேட்கிற சல்சா, மெரெங்கே கேசட்டுகள். அதையே போட்டு, மனம்போன போக்கில் ஆடி வகுப்பை நடத்தினார். பிறகு அவர் மயாமிக்குப் போனதும், 2001-இல் இரண்டு கூட்டாளிகளோடு சேர்ந்து அதை நிறுவனமாக்கியதும், இன்று உரிமம் வாங்கிய பயிற்சியாளர்கள்தான் அந்தப் பெயரைப் போட்டுக்கொள்ளலாம் என்பதும் தெரிந்த கதை. எங்கள் வகுப்பின் போர்டிலும் ‘டான்ஸ் ஃபிட்னஸ்’ என்றுதான் இருக்கிறது, வாயால் எல்லாரும் ஜும்பா என்கிறோம். எனக்கு இந்தக் கதையில் பிடித்தது அந்த ஆசைக்குக் கேட்கிற கேசட். பயிற்சிக்கு என்று தயாரித்தது வீட்டில் கிடந்தது, ஆசைக்கு வைத்திருந்தது வகுப்பை நடத்தியது.

குதிக்கிற பாட்டு

இதை எழுதலாமா என்று யோசித்தேன். எழுதத்தான் வேண்டும். பாதி வகுப்பில் ஒரு வேகப் பாட்டு வந்தது, கால்களை அகட்டிக் குதித்து, சேர்த்துக் குதிக்க வேண்டும். குதித்த கொஞ்ச நேரத்திலேயே எனக்குச் சிறுநீர் கசிந்தது. நின்றுவிட்டேன். தண்ணீர் குடிக்கிற பாவனையில் ஓரமாகப் போனேன். அங்கே ஏற்கெனவே நாலு பேர் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார்கள். அந்தப் பாட்டுக்கு மட்டும் அத்தனை பேருக்கு ஒரே நேரத்தில் தாகம். பக்கத்தில் நின்ற பெண், முப்பத்தைந்து வயது இருக்கும், என்னைப் பார்க்காமலே மெதுவாகச் சொன்னாள்: “எனக்கு ரெண்டும் நார்மல் டெலிவரிக்கா. தும்முனாலே இப்படித்தான்.”

இத்தனை வருடத்தில் இதைப் பற்றி இன்னொரு பெண் வாய்விட்டுச் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல். என் அக்காவிடம் பேசியதில்லை, அம்மாவிடம் பேசியதில்லை, டாக்டரம்மாவிடம்கூட. பிரசவத்தில் இடுப்பின் அடித்தளத் தசைகள் தளர்ந்துபோவதால் இருமினால், தும்மினால், குதித்தால் கசிகிறது. ரொம்பப் பேருக்கு இருக்கிற சாதாரணக் கோளாறு. அந்தத் தசைகளை இறுக்கி, கொஞ்சம் பிடித்து, விடுகிற பயிற்சியை ஆர்னால்ட் கீகல் என்ற அமெரிக்க மகளிர் நோய் மருத்துவர் 1948-லேயே எழுதிவைத்துவிட்டார். உட்கார்ந்த இடத்திலேயே, கவுண்ட்டரில் பணம் எண்ணும்போதேகூடச் செய்யலாம். தொடர்ந்து செய்தால் பலருக்கும் குறைகிறது, குறையாவிட்டால் டாக்டரிடம் போக வேண்டும். நாலு வரியில் அடங்குகிற விஷயம். நாற்பத்தாறு வயது வரைக்கும் எனக்கு யாரும் சொல்லவில்லை.

பயிற்சியாளர் பெண் எங்களைப் பார்த்தாள். பாட்டை நிறுத்தவில்லை, எதுவும் கேட்கவில்லை. தான் குதிப்பதை நிறுத்திவிட்டு, அதே தாளத்துக்குப் பக்கவாட்டில் கால் தட்டுகிற ஸ்டெப்பாக மாற்றினாள். தண்ணீர் பாட்டில்களை வைத்துவிட்டு நாங்கள் அத்தனை பேரும் திரும்பிப் போய் வரிசையில் நின்றோம். அவளுக்குக் கல்யாணம்கூட ஆகவில்லை. எங்கே கற்றாள் இந்தப் பக்குவத்தை என்று இன்றும் எனக்கு ஆச்சரியம்தான்.

“உங்க இஷ்டத்துக்கு ஆடுங்க”

கடைசிப் பாட்டுக்கு முன்னால் அவள் முதல்முறையாக வாய் திறந்து பேசினாள். “அக்கா எல்லாரும் கேளுங்க. இந்தப் பாட்டுக்கு ஸ்டெப் கிடையாது. நானும் ஆட மாட்டேன். உங்க இஷ்டத்துக்கு ஆடுங்க.” சொல்லிவிட்டு ஸ்பீக்கர் பக்கம் போய் நின்றுகொண்டாள். தப்பட்டை முழங்க ஒரு குத்துப்பாட்டு ஆரம்பித்தது. கல்யாண ஊர்வலத்தில், கோயில் திருவிழாவில், எங்கே கேட்டாலும் நின்ற இடத்திலேயே கால் துடிக்குமே, அந்த அடி.

ஒருத்தரும் அசையவில்லை.

அவ்வளவு நேரம் மெரெங்கே ஆடியவர்கள், சல்சாவில் நாலில் நின்று எட்டில் நின்றவர்கள், வியர்வையில் நனைந்து மூச்சு வாங்கச் சிரித்தவர்கள். ஒரு பெண் கொண்டை கிளிப்பைக் கழற்றி மறுபடி மாட்டினாள். ஒருத்தர் கைக்குட்டையைத் தேடினார். எனக்குப் பக்கத்தில் இருந்தவள் இடது வலது, இடது வலது என்று நின்ற இடத்திலேயே மார்ச் பண்ணிக்கொண்டிருந்தாள், அதுதான் பாதுகாப்பான ஸ்டெப். நான் ஸ்பீக்கர் பக்கம் பார்த்தேன். ஒரு விரலாவது காட்டமாட்டாளா என்று. அவள் காட்டவில்லை. கண்ணாடியில் எங்கள் எல்லாருடைய முகமும் ஒரே மாதிரி இருந்தது. யாராவது சொன்னால் செய்வோம், யாரும் சொல்லவில்லையே என்கிற முகம்.

நான் அப்போது புரிந்துகொண்டதைத்தான் இவ்வளவு நாளாகச் சுற்றிச் சுற்றி யோசிக்கிறேன். ஸ்டெப் இருக்கும்வரை அது உடற்பயிற்சி. சொல்லிக்கொடுத்ததைச் செய்கிறோம், கணக்கு இருக்கிறது, வேர்க்கிறது, கலோரி கரைகிறது. ஸ்டெப்பை எடுத்துவிட்டால் மிச்சம் இருப்பது ஆட்டம். அதற்கு நான் மட்டும்தான் பொறுப்பு. என் கை எந்தப் பக்கம் போகிறது, என் இடுப்பு என்ன செய்கிறது என்பதற்கு டாக்டரையும் கைகாட்ட முடியாது, டீச்சரையும் கைகாட்ட முடியாது. மாடியிலே, அடைத்த ஜன்னலுக்குள்ளே, ஆண் வாடையே இல்லாத இடத்திலே, பணம் கட்டிச் சேர்ந்த வகுப்பிலே, ஆடுங்கள் என்று சொன்ன பிறகும் எங்களுக்கு ஆட வரவில்லை.

சத்துணவு மையத்தில் சமையலராக இருந்து ஓய்வு பெற்ற ஒரு அக்கா எங்கள் வகுப்பில் உண்டு. திருமங்கலம் பக்கத்துக் கிராமத்துக்காரர். அன்றைக்கு அவரும் எனக்குக் கொஞ்ச நாள் முன்னால் சேர்ந்தவர்தான். அவர்தான் முதலில் அசைந்தார். வலது காலை ஒரு எட்டு முன்னால் வைத்தார், இடுப்பை வளைத்துக் குனிந்து முட்டிக்குக் கீழே ஒரு தட்டு. நிமிர்ந்து காலைப் பின்னே வாங்கித் தோளுக்கு மேலே ஒரு தட்டு. உடம்பைத் திருப்பிப் பக்கவாட்டில் ஒரு தட்டு. கும்மி. தப்பட்டை வேகத்துக்குக் கும்மியைப் பாதியாக நறுக்கி, இரண்டு அடிக்கு ஒரு தட்டாகப் பிடித்துக்கொண்டார். “எனக்குத் தெரிஞ்சது இதான்த்தா” என்றார், யாரும் கேட்காமலே.

என் கை எனக்கு முன்னால் போய்விட்டது. அம்மா ஊரில் சின்னப் பிள்ளையில் அடித்தது. அதற்கப்புறம் அந்தக் கை நோட்டு எண்ணியது, மாவு ஆட்டியது, பிள்ளைக்கு முதுகு தேய்த்தது, கும்மி அடித்ததில்லை. இன்னும் இரண்டு பேர் சேர்ந்தார்கள். வரிசை தானாக வளைந்து வட்டமானது, எல்லாருடைய முதுகும் கண்ணாடிக்குப் போய்விட்டது. கும்மியே பார்த்திராத ஒரு ஐடி பெண் தட்டைத் தவறவிட்டுத் தவறவிட்டு எங்கள் நடுவே சுற்றினாள். யாரோ குலவை போட்டார்கள். அடுத்தடுத்து யார் யாருக்கு என்னென்ன தெரியுமோ வந்தது. மார்ச் பண்ணிக்கொண்டிருந்தவள் தலைக்கு மேல் இரண்டு கையையும் தூக்கித் தோளைக் குலுக்கினாள், அவளுக்குக் கல்யாணத்துக்கு முன்னால் காலேஜ் ஹாஸ்டலில் வந்தது அது என்று பின்னால் சொன்னாள். பாட்டு முடிந்தபோது என் துப்பட்டா பின்னை விட்டுக் கீழே கிடந்தது. எப்போது விழுந்தது என்று தெரியவில்லை. ‘இன்னொருக்கா போடுத்தா’ என்று சத்துணவு அக்கா கேட்டார். அடுத்த பேட்ச் வாசலில் நிற்கிறது என்று சொல்லிவிட்டாள் பயிற்சியாளர் பெண்.

யார் ஆடலாம், எங்கே ஆடலாம்

வீட்டுக்கு வந்து அம்மாவுக்கு போன் போட்டேன். முளைப்பாரி பற்றித்தான் பேசினோம். எங்கள் பக்கத்தில் அம்மன் திருவிழா என்றால் முளைப்பாரி இல்லாமல் இல்லை. நவதானியத்தை விதைத்து, வெயில் படாத வீட்டில் ஓடுகளை வைத்து வளர்ப்பார்கள். இருட்டில் வளர்வதால் பயிர் வெளிர்மஞ்சளாக உயரும். கண்மாயில் கரைக்கிற நாள் வரைக்கும் ராத்திரி ராத்திரி பெண்கள் சுற்றி நின்று கும்மி கொட்டுவார்கள். அம்மா சொன்னார்: “ராத்திரி ஒரு மணி வரைக்கும் கொட்டுவோம். உங்கப்பாரு தூங்கிருவாரு. அந்தப் பத்து நாளு மட்டும் எங்க மாமியாளே என்னைய எதுவும் சொல்லாது.” அந்தக் கடைசி வாக்கியத்தை அம்மா சாதாரணமாகத்தான் சொன்னார். எனக்கு அது சாதாரணமாக இல்லை.

யோசித்துப் பார்த்தால், எங்கள் ஊர்ப் பெண்கள் ஆடிய இடங்களுக்கெல்லாம் ஒரு அனுமதிச் சீட்டு இருந்திருக்கிறது. முளைப்பாரிக்குச் சாமி. ஆடி மாதம் உறுமி முழங்கும்போது தலைமுடி அவிழ்ந்து சுழல ஆடுகிற பெண்ணை ஊரே கைகூப்பி நிற்கும், குறி கேட்கும். ஆட்டம் இறங்கியதும் சொம்புத் தண்ணீர் குடித்துவிட்டு, முடியை அள்ளி முடிந்துகொண்டு அவள் அடுப்படிக்குப் போய்விடுவாள். ஆடியது அவள் என்று யாரும் சொல்வதில்லை, சாமி ஆடியது. எங்கள் வகுப்பில் சுகர் ஆடுகிறது. ஆண்களுக்கு இந்தச் சீட்டு வேண்டியதில்லை. சித்திரைத் திருவிழாவுக்கு அழகர் வருகிறபோது தல்லாகுளம் ரோட்டில் கொட்டுக்கு ஆடுகிற ஆண்களை வருடா வருடம் பார்க்கிறோம். சாவு ஊர்வலத்தில் பிணத்துக்கு முன்னால் ஆடுகிறவர்களும் ஆண்களே. பெண்கள் ஓரத்தில் நின்று பார்ப்போம், அல்லது வீட்டுக்குள் அழுவோம்.

மேடையிலும் இதே சிக்கல்தான் நடந்தது. ஆடிப் பிழைத்த மரபில் வந்த பெண்களின் சதிராட்டம், 1930-களில் பரதநாட்டியம் என்று பெயர் பெற்று ‘குடும்பப் பெண்கள்’ கற்கும் கலையாக மாறியது. ருக்மிணி தேவி அருண்டேல் 1936-இல் கலாக்ஷேத்ராவைத் தொடங்கினார். 1947-இல் சென்னை மாகாணத்தின் தேவதாசி ஒழிப்புச் சட்டம் வந்தது. கோயிலுக்குப் பொட்டுக்கட்டும் வழக்கத்தை ஒழித்த சட்டம் தேவையான சட்டம், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் ஆட்டம் என்றாலே ‘எப்படிப்பட்ட பெண்’ என்று கேட்கிற பழக்கம் அந்தச் சட்டத்தோடு போகவில்லை. என் சித்தி மகள் பத்து வருடம் பரதம் கற்று அரங்கேற்றம் செய்தாள். சலங்கை பரண்மேல் ஏறிய தேதியும் அவள் கல்யாணத் தேதியும் ஒன்று. இரண்டு வீட்டிலும் யாரும் தடுக்கவில்லை. தடுக்காமலே நின்றது.

2025 ஜூனில் கேரளத்தில் போதைப்பொருளுக்கு எதிரான இயக்கத்தின் பகுதியாகப் பள்ளிகளில் ஜும்பாவைக் கொண்டுவந்தபோது சில மத அமைப்புகள் எதிர்த்தன. பையன்களும் பெண்பிள்ளைகளும் சேர்ந்து ஆடுவதா, என்ன உடை என்று. கல்வி அமைச்சர் சிவன்குட்டி பின்வாங்கவில்லை, அதற்காக அவரை மதிக்கிறேன். ஆனால் அவர் சொன்ன பதிலைக் கவனித்தேன்: பிள்ளைகள் செய்வது எளிய உடற்பயிற்சிதான், பள்ளிச் சீருடையில்தான் செய்கிறார்கள். நான் அத்தையிடம் சொன்ன அதே பதில். ஒரு மாநிலத்து அமைச்சருக்கும் அதைத் தவிர வேறு பதில் கைவசம் இல்லை.

உடம்புக்கு நல்லது என்பதை நான் குறைத்துப் பேசவில்லை. நல்லதுதான். லான்செட் குளோபல் ஹெல்த் 2024-இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி இந்தியப் பெண்களில் 57 சதவீதம் பேருக்குப் போதிய உடலசைவு இல்லை, ஆண்களில் 42 சதவீதம். வீட்டில் நாள் முழுக்க நின்று உழைக்கிற பெண்களையும் சேர்த்துத்தான் இந்தக் கணக்கு என்று நினைக்கும்போது வயிறு கலங்குகிறது. ஆயிரம் கலோரி கரையும் என்று நோட்டீஸ் அடிப்பதை நம்ப வேண்டாம். அமெரிக்காவின் லா கிராஸ் நகரத்துப் பல்கலைக்கழகத்தில் 19 இளம்பெண்களை வைத்து அளந்து பார்த்து 2012-இல் வெளியிட்டபோது, ஒரு ஜும்பா வகுப்புக்குச் சராசரி 369 கலோரிதான் வந்தது. அதுவே நல்ல கணக்கு. சுகருக்குப் போதும், இதயத்துக்குப் போதும். என் நடைப்பயிற்சி நின்றுபோன மாதிரி இந்த வகுப்பு நிற்கவில்லை என்பதற்குக் காரணம் அந்த 369 இல்லை. கடைசிப் பாட்டுதான். மழை பெய்தாலும் போகிறேன். முந்தின நாள் ஆபீசில் டேலி ஆகாமல் ராத்திரி லேட்டாக வந்தாலும் போகிறேன்.

போன் பற்றிய பேச்சு

அந்தக் கடைசிப் பாட்டு இப்போது எல்லா வகுப்பிலும் உண்டு. அதை ஒட்டி ஒரு பேச்சு எழுந்தது. பயிற்சியாளர் பெண்ணுக்கு விளம்பரம் வேண்டும், வகுப்பை ரீல்ஸ் எடுத்துப் போட்டால்தான் ஆள் சேர்கிறார்கள். ஸ்டெப் உள்ள பாட்டுகளை எடுத்துக்கொள், சம்மதித்தவர்கள் முகம் மட்டும் தெரியட்டும், கடைசிப் பாட்டுக்கு எல்லா போனும் பைக்குள் போய்விட வேண்டும் என்று நான்தான் சொன்னேன். கை தூக்கச் சொன்னபோது பெரும்பாலும் எல்லாரும் தூக்கினார்கள். ஒரு சொந்தக்காரர் கண்ணில் பட்டால் போதும், அந்தப் பெண் மறுநாள் வரமாட்டாள். இது எங்களுக்கு நன்றாகத் தெரியும்.

சத்துணவு அக்கா கை தூக்கவில்லை. வகுப்பு முடிந்து ஷூ கழற்றும்போது என்னிடம் வந்தார். “ஏம்மா, நான் ஆடுறதை எடுத்தா என்ன? எம்பேத்தி பாக்கட்டும். எந்தம்பி பாக்கட்டும். அறுபத்திரெண்டு வயசுல எவன் என்னைய என்ன கேக்கப் போறான்?” நான் பாதுகாப்பு, யார் கையில் போய்ச் சேரும் என்று தெரியாது என்றெல்லாம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, “நீ ஒளிஞ்சு ஆடு, நான் வேணாங்கல. என்னையும் ஏன் ஒளிச்சு வைக்கிற?” என்றார்.

அவர் கேட்டது சரி. சரி என்று அவரிடமே சொன்னேன். வருகிற சனிக்கிழமை கடைசிப் பாட்டுக்கு நாங்கள் எல்லாரும் ஸ்பீக்கர் பக்கம் ஒதுங்கிக்கொள்வதாகவும், ஒரே ஒரு போன் வெளியே இருப்பதாகவும், அவர் மட்டும் நடுவில் ஆடுவதாகவும் ஏற்பாடு. சுங்கடிச் சேலையில் ஆடலாமா, முட்டிக்கு ஒன்றும் ஆகாதே என்று பயிற்சியாளரிடம் நேற்று விசாரித்துக்கொண்டிருந்தார். ஷூ கட்டாயம், சேலை உங்கள் விருப்பம் என்று பதில் வந்திருக்கிறது.